பஸ்ஸின் சிவப்பு விளக்குக்குப் பின்னால்

முதலில் கெட்டது என் கண் என்று நான் நினைக்கவில்லை. லாரிக்காரர்களின் குணம் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன்.

பெரம்பலூர் மார்க்கெட்டில் கீரையும் காயும் விற்கிறேன். மாலை வியாபாரம் முடித்து, மொபெட்டில் வேப்பந்தட்டை ரோடு பிடித்து எங்கள் ஊருக்குத் திரும்புவேன். எங்கள் தெருவில் வண்டி ஓட்டக் கற்ற முதல் பெண் நான். யார் பின்னாலும் உட்கார்ந்து போனது கிடையாது.

இரண்டு வருடமாக எதிரே வரும் விளக்கு, பஞ்சு வெடித்ததுபோல் விரிந்தது. வண்டி கடந்த பிறகும் கொஞ்ச நேரம் ரோடே இருக்காது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மகன் சாவியை வாங்கிவிடுவான்.

நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். டவுன் பஸ் கிளம்பும்வரை காத்திருந்து, அதன் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே போவேன். அது நின்றால் நிற்பேன். ஒருநாள் கண்டக்டர் பின்படியிலிருந்து கத்தினார்.

"என்னா ஆயா, டிக்கெட் எடுக்காம தெனமும் எங்க கூடயே வர்றீங்க?"

"நீங்க ரோட்ட அடைச்சிக்கிட்டுப் போனா நான் எங்கிட்டு போறது? ஒன் டிரைவர ஓரமா போவச் சொல்லு!"

பஸ்ஸே சிரித்தது. எனக்கும் நல்ல பதில் சொன்ன திருப்தி.

மக்காச்சோளம் அறுத்த சமயம் அது. எங்கள் பக்கம் சோளத்தை ரோட்டில் பாதிக்குக் காயப்போட்டு, வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் கல் வைப்பார்கள். ஒருநாள் இருட்டில் பஸ் அந்தக் கல்லை விட்டு வளைந்து விலகிப் போனது. எதிரே லாரி வெளிச்சம். நான் சிவப்பு விளக்கு போன திசையைத் தேடினேனே தவிர, ரோட்டைப் பார்க்கவில்லை. கல்லில் மோதி, சோளத்தில் சறுக்கி விழுந்தேன்.

சோளத்துக்காரப் பெண் ஓடிவந்து தூக்கினாள். தூக்கியவளையே திட்டினேன்.

"ரோடு என்னா ஒங்கப்பன் வூட்டுக் களமா? ஒரு அடையாளம் வச்சா என்னா?"

"வெள்ளையடிச்ச கல்லு வரிசையா வச்சிருக்கேனே பெரிம்மா. எல்லாரும் பாத்துத்தான் போறாங்க. ஒங்களுக்குத் தெரியலயா?"

திரும்பிப் பார்த்தேன். காலடியில் இருந்த கல் தெரிந்தது. வரிசை தெரியவில்லை.

கல் வரிசை தெரியாமல் விழுந்தேன் என்று கேள்விப்பட்ட மகன், என் வீங்கிய மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்ட கையோடு கண் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனான். டாக்டர் சின்னப் பெண்.

"ராத்திரியில வண்டி ஓட்டக் கஷ்டமா இருக்காம்மா?"

"கஷ்டமெல்லாம் இல்லம்மா. லாரிக்காரந்தான் லைட்ட தணிக்க மாட்டேங்கிறான்."

"எல்லா லாரிக்காரருமா?"

மகன் வேறுபக்கம் திரும்பிச் சிரித்தான்.

இரண்டு கண்ணிலும் கண்புரை (கண்ணுக்குள் இருக்கும் வில்லை மங்கிப்போவது). அழுக்குக் கண்ணாடியில் பட்ட வெளிச்சம் சிதறுவதுபோல், உள்ளே வெளிச்சம் சிதறுகிறதாம். ஒவ்வொரு கண்ணாக அறுவை செய்து செயற்கை வில்லை வைத்தார்கள். வலி பெரிதில்லை. சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, குனியாமல், சுமை தூக்காமல் சும்மா இருந்ததுதான் பெரிய பாடு.

இரண்டாவது கண் ஆறியதும் டாக்டர் சொன்னார்: "பகல்ல தாராளமா ஓட்டுங்க. ராத்திரி வேண்டாம்மா." புரை போனாலும் என் விழித்திரைக்கு (கண்ணின் பின்பக்கம் வெளிச்சத்தை வாங்கும் சவ்வு) வயதாகிவிட்டது. பளிச்சென்று வெளிச்சம் பட்டால், மறுபடி இருட்டில் பார்க்க அதற்கு நேரம் பிடிக்கும். அதற்கு அறுவை கிடையாதாம்.

மகன் சாவியை நீட்டினான். "இருட்டுறதுக்குள்ள வூட்டுக்கு வந்துரணும்."

"நீ எனக்குக் கெடு வைக்கிறியா?"

"நான் இல்லம்மா, ஒங்க கண்ணு வைக்குது."

வாங்கிக்கொண்டேன்.

எதிரே வருகிறவர்கள் எல்லாருமே தப்பாக வருவதுபோல் உங்களுக்கும் தோன்றினால், ஒருமுறை கண்ணைக் காட்டுங்கள். என்னைப் போல் பஸ்ஸை நம்பாதீர்கள்.

ஆபீஸ் விட்டு வருகிறவர்கள்தான் பேரம் பேசாமல் வாங்குவார்கள். அவர்கள் வருமுன் மிச்சக் கீரையைப் பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டுக் கிளம்புவது முதலில் கசந்தது. யாரோ என் நாளை நடுவில் வெட்டியதுபோல் இருந்தது.

எங்கள் வீட்டை நானே கூட நின்று கட்டினேன். மாலை வெயில் அதன் முன்சுவரில் விழுந்து, ஜன்னல்வரை ஏறி, ஓட்டுக்குப் போய் மறையும் என்பதை இப்போதுதான் பார்க்கிறேன். வண்டியை நிறுத்திவிட்டு, வெயில் மறையும்வரை அதன்மேலேயே உட்கார்ந்திருக்கிறேன்.