தூரத்துத் தெருவின் ரத்தம்

ஊசியக்கா என்றால்தான் அந்த வட்டாரத்தில் தெரியும். சுகாதார அலுவலகத்தில் ரத்தம் எடுப்பவள். தெருமுனையில் அவள் தலை தெரிந்தால் போதும், பிள்ளைகள் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்ளும். வீண் பயம்தான். நரம்பு தேடி நாலு இடத்தில் குத்துகிற கை அல்ல அவளுடையது. பிள்ளை அழ வாயைத் திறப்பதற்குள் குழாய் நிறைந்திருக்கும்.

பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் ஆலையில் அவள் கணவனுக்கு உலை வேலை. முதலில் ஆலையை ஒட்டித்தான் குடியிருந்தார்கள். வயிற்றில் பிள்ளை தங்கியதும் அவள் ஒற்றைக்காலில் நின்று, புகை எட்டாத தூரத்துக்கு வீட்டை மாற்றவைத்தாள். அவன் பேருந்து மாறிப் பேருந்து ஏறி அலைந்தான். அலையட்டும், பிள்ளைக்கு நல்ல காற்று கிடைக்கிறதே என்றிருந்தாள்.

ஆலையால் பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் சேர்கிறதா என்று அரசு ஆய்வு ஒன்று வந்தது. நடத்தியவர் ஒரு டாக்டரம்மா. ஆலைப் பக்கத்துப் பிள்ளைகளின் ரத்தத்தைத் தூரத்துப் பிள்ளைகளின் ரத்தத்தோடு ஒப்பிட வேண்டும், வித்தியாசம் பெரிதாக இருந்தால்தான் ஆலை மேல் கைவைக்க முடியும் என்றார். தூரத்துக்கு ஊசியக்கா தன் தெருவையே காட்டினாள். மற்ற அம்மாக்களுக்குத் தைரியம் வரட்டுமென்று முதலில் தன் மகனையே உட்காரவைத்தாள்.

முடிவு வந்ததும் டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார்.

"உங்க தெருவுல ஒரு பையனுக்கு மட்டும் எக்கச்சக்கமா இருக்கு. ஆலைப் பக்கத்துப் பசங்களை விட அதிகம். உங்க பையன்தான்."

"குழாய் மாறியிருக்கும், டாக்டர்."

குழாயை மாற்றிவிடுகிற ஆளா அவள்? மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அதே கதை.

"வீட்ல யாராவது அந்த ஆலையில வேலை பாக்கறாங்களா? முதல்லயே கேட்டிருக்கணும். கேக்காம விட்டது என் தப்பு."

"என் வீட்டுக்காரர்," என்றாள் ஊசியக்கா. ஊரே புகைக்கூண்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கணவன் சட்டையில் ஒட்டிவந்த ஈயத்தூசியை யார் பார்த்தார்கள்? வேலை முடிந்து வந்தவன் செருப்பைக் கழற்றுவதற்குள் மகன் கழுத்தில் தொங்குவான், அந்த நெஞ்சின் மேலேயே தூங்கியும் போவான். அதைப் பார்த்து அவள் பூரித்துப்போனதுண்டு. எழுத்து மண்டையில் ஏறவில்லையென்று போன வாரம்தான் மகனை அடித்திருந்தாள். ஈயம் பிள்ளைகளின் மூளையை மழுக்கும் என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார்.

"சரியாயிடுமா, டாக்டர்?"

"இனி ஏறாம பாத்துக்கலாம். போனது போனதுதான்." டாக்டரம்மா தொடர்ந்தார்: "இன்னொண்ணும் இருக்கு. இவனைச் சேர்த்தா தூரத்துப் பசங்களோட சராசரி ஏறிடும். வித்தியாசம் குறைஞ்சுபோகும். ஆலைக்காரங்க அதையே பிடிச்சுக்குவாங்க."

"அப்ப ஆலைப் பக்கத்துப் பசங்களோட சேருங்க."

"முடியாது. தூரத்தை வெச்சுத்தான் பிரிச்சிருக்கோம். ஆலையில வேலை பாக்கற வீடுன்னு நீக்கலாம், அதுக்கு விதியில இடமிருக்கு. ஆனா நாளைக்கு ஆலை வைத்தியச் செலவு குடுக்கணும்னு தீர்ப்பானா, உங்க பையனுக்குக் கிடைக்காது."

என்ன கொடுமை இது. பெற்ற பிள்ளையின் ரத்தம் அந்தப் பாழாய்ப்போன ஆலைக்கே சாட்சி சொல்ல நின்றது. ஆலைப் பக்கத்தில் ஊசி போட்ட பிள்ளைகளின் முகமெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

"நீக்கிடுங்க," என்றாள்.

அன்று மாலை வாளியும் மாற்றுத்துணியுமாக வாசலில் நின்று கணவனை மறித்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வெளியிலேயே சட்டையைக் கழற்றிப்போட்டு, தோல் சிவக்கத் தேய்த்துக் குளித்தான். மாற்றுத்துணியைக் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்தான். மகன் ஓடிவந்து கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

"இப்ப தூக்கலாங்க," என்றாள்.

அவன் தன் நகக்கண்களில் இன்னும் போகாத கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"அப்பாவுக்கு என் மேல கோவமா?" என்று மகன் அவளைக் கேட்டான்.