பீலிக்கு மேலே நான் வெட்டிய புல்

என் மகள் சொன்னதைச் சொன்னபடி செய்கிறாள். எல்லோரும் மெச்சுகிறார்கள், எனக்கோ பயமாக இருக்கிறது. சின்ன வயதில் நானும் அப்படிப்பட்ட பிள்ளைதான்.

றொசல்லவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் கொட்டும் பீலிக்கு மேலே ஓர் ஊற்று இருந்தது. அதைச் சுற்றியுள்ள தேயிலையில் புல் வெட்டுவது அம்மாவின் வேலை. ஒரு முளைகூட விடாமல் சுரண்டும் அம்மா, ஊற்றோரத்தை மட்டும் தொடமாட்டார். அங்கே பன்னம் என்கிற பெரணிச் செடிகளும் காட்டுக் காசித்தும்பையும் மண்டிக் கிடந்தன. நகத்தளவுத் தவளைகளும் இருந்தன.

கீழே ரோட்டில் தோட்டத் துரை நிற்கும் நாட்களில் கங்காணி அங்கே வந்து கத்துவார்: "இந்தக் காட்ட என்னைக்குப் புடுங்கப் போற? தொர கண்டா பத்துச்சீட்டுத்தான்!"

பத்துச்சீட்டு கொடுத்துவிட்டால் தோட்டத்தை விட்டே போகவேண்டும். அம்மாவோ "சரிங்க" என்று தலையாட்டிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவார். எனக்குச் சோறு இறங்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா ஹட்டனுக்குப் போயிருந்தபோது நானே சுரண்டியை எடுத்துக்கொண்டு போனேன். மத்தியானத்துக்குள் ஊற்றோரம் சாணம் மெழுகிய வாசல்போல் ஆனது. தவளைகள் எங்கோ குதித்துப் போயின. பிறகு மழை பெய்தது. பீலியில் சேறுதான் வந்தது.

குடத்தோடு வந்த பெண்களுக்குப் பின்னால் கங்காணியும் ஓடிவந்தார்.

"யாருடி புடுங்கச் சொன்னது?"

"நீங்கதாங்க" என்றேன்.

ஒருத்தி முந்தானைக்குள் சிரித்தாள். "பாத்தீங்களா கங்காணி, ஒங்க பேச்சக் கேக்கவும் ஒரு ஆளு இருக்குது!"

அம்மா வந்தார், அடிக்கவில்லை. கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு காட்டோரத்துக்கு நடந்தார். மற்றப் பெண்களும் போனார்கள், கங்காணியின் மனைவியும்தான். மண்ணோடு பெயர்த்து வந்த பன்னங்களை ஊற்றைச் சுற்றி நட்டார்கள். வாரமெல்லாம் களை பிடுங்கும் விரல்கள் களையை நட்டன.

"நெருக்கி வைக்காதீங்கடி, தவளைக்கு எடம் விடுங்க" என்றார் கங்காணியின் மனைவி.

தண்ணீர் தெளியும்வரை லயத்தார் எல்லோரும் ஆற்றுக்கு இறங்கிச் சுமந்தார்கள். என்னை யாரும் ஏசவில்லை. அது இன்னும் குழப்பமாக இருந்தது.

பன்னம் மறுபடி மண்டியது. துரை ரோட்டில் நின்ற ஒரு காலையில், கங்காணி அதே இடத்திலிருந்து, ரோட்டுக்குக் கேட்கும்படி, அதே வார்த்தைகளைக் கத்தினார். அம்மா அதே "சரிங்க" சொன்னார். இருவர் முகத்திலும் கோபமே இல்லை.

பிடுங்கவேண்டுமா, வேண்டாமா? தெரியவில்லை. அன்று மாலை சுரண்டியைக் கொண்டுபோய் விறகுக்கு அடியில் ஒளித்துவைத்தேன்.