பொன்னாடை போர்த்திக்கொண்ட கதாநாயகன்

என் அக்கா கணவருக்குக் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி, மன்னார்புரத்தில் வீடு. செய்தித்தாளில் விலை நிலவரத்தைத் தவிர எதையும் படிக்காதவர். அப்படிப்பட்டவர் என் நாவலைப் படித்தார். அதாவது, முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் படித்தார். "நடுவுல ரொம்ப இழுக்குது பாப்பா" என்று என்னிடமே சொன்னார்.

நடுவில்தான் நாவல் இருக்கிறது. வீட்டாரை அதட்டியே காலம் தள்ளிய ஒரு துணிக்கடைக்காரன் மெல்ல மாறுகிற கதை அது. ஒருநாள் மகளின் அறைக்கதவைத் தட்டிவிட்டு உள்ளே நுழைகிறான். அவ்வளவுதான். அவள் திடுக்கிட்டுப் போகிறாள். பிறகு அவன் செருப்புச் சத்தம் கேட்டால் மகன் ஹாலை விட்டு எழுந்து ஓடுவதில்லை. மனைவி எதிர்த்து ஒரு வார்த்தை பேசிப் பார்க்கிறாள். ஒருவன் மாறினால் சுற்றியிருப்பவர்களும் எப்படி நகர்ந்து உட்காருகிறார்கள் என்று காட்டத்தான் அத்தனை பக்கங்கள் எழுதினேன். மாமாவுக்குப் பிடித்தது கடைசிப் பக்கம். அதில் அவன் மன்னிப்புக் கேட்பான், மனைவி அழுவாள்.

"என்னை வெச்சுத்தான் எழுதியிருக்கா" என்று மண்டி முழுக்கச் சொல்லிவிட்டார். அவன் அதட்டுகிறவன் என்பதில் அவருக்கு வெட்கமே இல்லை. மாறியவன் என்பது போதுமானதாக இருந்தது. வெங்காயத்தைப் போலவே குணத்தையும் மொத்த விலைக்கு வாங்கிப் போட்டுவிடலாம் என்று நினைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்களை விருந்துக்குக் கூப்பிட்டார். அக்காவை உட்கார வைத்து அவரே இலை போட்டுப் பரிமாறினார். தம்பி மகனை போனில் வீடியோ எடுக்கச் சொன்னார். காலையிலிருந்து அத்தனையையும் சமைத்தவள் அக்கா. சாம்பார் வாளியோடு அவள் எதிரே குனிந்து நின்று கேட்டார்: "கதையில அந்தம்மா அழுவாங்களே, உனக்கு ஒண்ணும் தோணலையா?"

"ஊத்துங்க, சோறு ஆறுது" என்றாள் அக்கா.

இந்த வீடியோ எப்படியோ ஒரு வாசகர் வட்டத்துக்குப் போனது. தில்லை நகரில் கூடும் அந்த வட்டத்தில் நாவலை வாங்குகிறவர்களைவிட மேடையில் உட்காருகிறவர்கள் அதிகம். 'நாவலின் நிஜ நாயகன்' என்று மாமாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எழுதியவளுக்கு ஒரு பேனா கொடுத்தார்கள். மாற்றம் என்றால் என்ன என்று அவர் அரை மணி நேரம் பேசினார். ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு அக்காவையும் மேடைக்கு அழைத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவள் மைக்கைத் தொடாமல் நின்று சொன்னாள்: "இங்க வரணும்னு எனக்குக் காலையிலதான் தெரியும். புடவையைக்கூட அவங்கதான் எடுத்து வெச்சாங்க. வேண்டாம்னு சொல்லிப் பாத்தேன், கேக்கலை."

நகைச்சுவை என்று நினைத்துக் கை தட்டினார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் மாமா. இறங்கும்போது பொன்னாடையைக் கழற்றி, திரும்பிக்கூடப் பார்க்காமல் அவள் பக்கம் நீட்டினார். "இந்தா, பிடி."

அக்கா வாங்கவில்லை. அது படிக்கட்டில் விழுந்தது.

அவள் காரில் ஏறவில்லை. என்னோடு பஸ் ஏறி ஸ்ரீரங்கத்துக்கு வந்துவிட்டாள். காவிரிப் பாலத்தில் போகும்போது கேட்டாள்: "உன் கதையில அவன் மாறின பிறகுதான் அவ வாயைத் தொறக்கறா. அவன் மாறவே இல்லைன்னா?"



சில நாள் கழித்து மாமா வந்தார். என் பிளாட் வாசலில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, கீழ்வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னார்: "இத்தனை வருஷம் உன் பேச்சு என் காதுல விழலை. விழ நான் விடலை."

நான் எழுதிய வரிதான். எழுத்து மாறாமல் ஒப்பித்தார். நானே பலமுறை அடித்துத் திருத்திய வாக்கியம் அது.

"அது நான் எழுதினது மாமா. நீங்களா ஏதாவது சொல்லுங்க."

யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். கடைசியில், "வீட்ல எல்லாம் போட்டது போட்டபடி கிடக்கு" என்றார்.

"இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன். நீங்க போயிட்டு வாங்க" என்றாள் அக்கா. குரலில் கோபமே இல்லை. அதைக் கேட்டுத்தான் அவர் பயந்தார் என்று நினைக்கிறேன்.

அவளுக்குத் தோன்றியபோது திரும்பிப் போனாள். அதற்குள் அக்காவின் மருமகள், மாமா நிறுத்தச் சொன்ன வேலைக்கு மறுபடி போகத் தொடங்கியிருந்தாள். அத்தையே வீட்டை விட்டுப் போகலாமென்றால் தானும் வாசலைத் தாண்டலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அக்கா மகன் காலையில் தோசை வார்க்கிறான், கருகலாகத்தான். அக்கா வேண்டாம் என்றால் இப்போது அந்த வீட்டில் அது வேண்டாம்தான். அவள் யாரிடமும் பிரசங்கம் செய்யவில்லை. நாவலின் நடுப்பகுதி அந்த வீட்டில் மாமா இல்லாமலே நடந்து முடிந்தது.

அவரும் குரலைக் கொஞ்சம் தணித்திருக்கிறார். வேறு வழியில்லை. மண்டியில் இப்போது வேறு கதை ஓடுகிறது. "முன்னெல்லாம் அவ ஒரு வார்த்தை பேச மாட்டா. நான்தான் அவளை மாத்தினேன்" என்கிறாராம்.

அக்காவிடம் சொன்னேன். "சொல்லிட்டுப் போறாங்க" என்று சொல்லி, துறையூரில் ஒரு கல்யாணத்துக்கு என்னையும் வரச் சொன்னாள். மாமா வருகிறாரா என்று கேட்டேன்.

"நான் கூப்பிடலை" என்றாள்.