மூன்றாம் இடத்துக்கு வந்த சோதனை

எங்கள் தெருமுனைச் செருப்புக்கடையில் லேஸ் கட்டிக் காட்டும் அக்காவை ‘மூணாவது’ என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறோம். கல்லூரிப் பெண்கள் தடகளப் போட்டியில் தங்கம் வாங்கியவரை இப்படிக் கூப்பிடலாமா என்று நியாயஸ்தர்கள் கேட்கலாம். அந்தத் தங்கத்தைப் பற்றி அவரிடமே பேசிப் பாருங்கள். கையிலிருக்கும் ஷூவைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டு உள்ளே போய்விடுவார்.

அவர் வீட்டில் மூன்றாவது பெண். மூத்தவர்கள் இருவருக்கும் புதுத்துணி. இவருக்கு அந்தத் துணிகளின் மறுபிறவி. முன்னால் இருப்பவர்கள் முட்டி மோதிக்கொள்ளட்டும், பின்னால் ஆள் வராதவரை நமக்கு ஒரு குறையுமில்லை என்ற ஞானம் அப்போதே வந்துவிட்டது.

கல்லூரியில் அந்த ஞானத்தைத் தடகளத்தில் இறக்கினார். நூறு மீட்டருக்குப் பெண்கள் ஈசலாய் மொய்த்தார்கள். நீளம் தாண்டுவதற்கு மணலைவிட ஆள் அதிகம். வேகநடைக்கு மட்டும் இரண்டே பேர். இடுப்பை அப்படியும் இப்படியும் வெட்டி வெட்டி நடக்க வேண்டும், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று யாரும் அந்தப் பக்கமே போகவில்லை. சிரிப்பு பதக்கத்தில் ஒட்டாது என்று அக்கா பெயர் கொடுத்தார். மூன்று பேர், மூன்று பதக்கம். வருஷம் தவறாமல் வெண்கலம். முன்னால் போன இருவரும் குளித்துத் தலை துவட்டும் நேரத்துக்கு அக்கா வந்து கோட்டைத் தொடுவார்.

கடைசி வருஷம் விஷயம் கொஞ்சம் பெரிதானது. குடிநீர் அலுவலகத்தில் விளையாட்டு வீரர்களுக்கென்று ஒரே ஒரு குமாஸ்தா வேலை. அந்த வருஷப் போட்டியில் ஏதாவதொரு பதக்கம் வேண்டும். அடுத்த புதன்கிழமை நேர்காணல். வேலையே கிடைத்துவிட்ட மாதிரி, அலுவலகத்துக்குச் சாப்பாடு கொண்டுபோக அப்பா ஒரு டிபன் கேரியர் வாங்கி வைத்துவிட்டார்.

போட்டியன்று மைதானத்தில் நாலாவதாக ஒருத்தி நின்றாள்.

“நீங்க எத்தனாவது வர்றதா இருக்கீங்க?” என்று அக்கா பதறிப்போய்க் கேட்டார்.

“மூணாவதுங்க. போன வருஷம் வந்து பார்த்தேன், இதுக்கு ஆளே இல்லையே.”

“அது என் இடம்!”

“ஏன், பேர் எழுதி வச்சிருக்கா?”

“குடிநீர் ஆபீஸ் வேலைக்கா?”

“அட, உங்களுக்குமா!”

இதற்குள் அக்காவின் கல்லூரி விளையாட்டு ஆசிரியை விசிலோடு வந்தார். “நல்லா கேட்டுக்குங்க. இந்த வருஷம் முதல்ல வர்றவ திங்கட்கிழமை தேசிய முகாமுக்குப் போயே ஆகணும். ஒரு மாசம். போகலேன்னா பதக்கத்தைப் பிடுங்கிடுவாங்க.”

அக்காவிடம் முதலிடத்தைப் பற்றிப் பேசுவது மொட்டைத்தலையனிடம் சீப்பு விற்கிற கதை. சிரித்துக்கொண்டார்.

வேகநடையில் எந்நேரமும் ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும். முன்னால் போன இருவரும் ஒருத்தியை ஒருத்தி மிஞ்சப் பார்த்ததில் நாலு காலும் ஆகாயத்தில் இருந்தன. நடுவர்கள் பாதி வழியிலேயே இருவருக்கும் சிவப்பு அட்டை கொடுத்து வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அக்கா விரல்விட்டுக் கணக்குப் போட்டார். மிச்சம் இருப்பது இரண்டு பேர். முதலில் போகிறவளுக்கு முகாம். பின்னால் போகிறவளுக்கு வேலை. பாதியில் நின்றால் பதக்கமே கிடையாது.

“நீங்க முன்னாடி போங்க,” என்றார்.

“ஐயையோ, பெரியவங்க நீங்க இருக்கும்போதா?”

“யாரு பெரியவ? ரெண்டு பேரும் கடைசி வருஷம்தானே!”

“அப்ப நீங்க எங்க மைதானத்துக்கு வந்த விருந்தாளி. நீங்கதான் போகணும்.”

இப்படி ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டே நடந்தார்கள். நடந்தார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. “தோளோடு தோள்! என்ன ஒரு போராட்டம்!” என்று ஒலிபெருக்கி கதறியது. சிறப்பு விருந்தினர் நாற்காலியில் தூங்கிவிட்டார். நூறு மீட்டர் இறுதிப் போட்டிக்குக் காத்திருந்த பெண்கள் உட்கார்ந்து மரத்துப்போன கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டார்கள். “தங்கம்டி! இன்னும் ரெண்டு எட்டுதான், வைடி!” என்று ஆசிரியை விசிலைக் கடித்தார்.

கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நாலாவது குனிந்து, ஒழுங்காக இருந்த லேஸை அவிழ்த்துக் கட்ட ஆரம்பித்தாள். அக்காவும் குனிந்தார். அவள் முடிச்சுப் போட, இவர் அவிழ்க்க, இவர் முடிச்சுப் போட, அவள் அவிழ்க்க, நேரம் போய்க்கொண்டே இருந்தது. நாளெல்லாம் வெட்டி வெட்டி நடந்த இடுப்பு அக்காவைக் கைவிட்டது. குனிந்தவர் அப்படியே குப்புற விழுந்தார். தடகளத்தில் காலைப் பார்ப்பதில்லை. உடம்பு கோட்டைத் தாண்டினால் போதும். அக்காவின் உடம்பு அந்தப் பக்கம் கிடந்தது.

நாலாவது நிதானமாக லேஸைக் கட்டி முடித்து, கோட்டைத் தாண்டி வந்து கைகொடுத்துத் தூக்கினாள். “வாழ்த்துக்கள், அக்கா!”

புதன்கிழமை அக்கா முகாமில் கடைசி ஆளாக நடந்துகொண்டிருந்தார். வேலை வெள்ளிப் பதக்கத்துக்குப் போனது. டிபன் கேரியர் இன்றைக்கும் செருப்புக்கடைக்குப் போய் வருகிறது.

தண்ணீர்க் கட்டணம் கட்ட அக்கா அந்த அலுவலகத்துக்குத்தான் போகவேண்டியிருக்கிறது. போன தடவை வரிசையில் அவருக்கு முன்னால் இரண்டு பேர். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நாலாவது எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, நீங்க முன்னாடி வாங்களேன்!”

“தாயே, முன்னாடி வந்து பட்டது போதும்,” என்று அக்கா மூன்றாவதாகவே நின்றார்.

அப்போது பின்னால் யாரோ வந்து நின்ற சத்தம் கேட்டது. அக்கா சட்டென்று திரும்பினார்.

“நீங்க எதுக்கு வந்திருக்கீங்க?”