கிறிஸ்துமஸ் படத்துக்கு அக்கா பேசிய தமிழ்

எங்கள் அக்கா பிறந்தது சாத்தான்குளம் பக்கம். அப்பாவுக்குத் தில்லியில் வேலை கிடைத்ததால் சிறுபிள்ளையிலேயே இங்கே வந்துவிட்டார். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா விபத்தில் இறந்துபோனார். அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் மாளிகைச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தார். அம்மாவையும் என்னையும் அவர்தான் காப்பாற்றினார். அவர் எவ்வளவோ சொல்லியும் எனக்குப் படிப்பு ஏறவில்லை. இப்போது ஏ.சி. ரிப்பேர் பார்க்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் நல்ல குணங்களைப் பெரியவர்கள் இந்த நினைவு மலரின் மற்ற பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். நான் கிறிஸ்துமஸ் மத்தியானத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஆராதனை முடிந்து, பிரியாணி சாப்பிட்டு, மயூர் விஹார் வீட்டில் மூவரும் டிவி முன்னால் உட்காருவோம். வருடா வருடம் அதே வெளிநாட்டுப் படத்தை இந்தியில் போடுவார்கள். அம்மாவுக்குக் காய்கறிக்காரரிடம் பேசும் அளவுக்குத்தான் இந்தி. அதனால் அக்கா டிவி சத்தத்தை மொத்தமாகக் குறைத்துவிட்டு, படத்தில் வரும் எல்லோருக்கும் அவரே தமிழில் பேசுவார். கிறிஸ்துமஸ் தாத்தா பனியில் வந்து இறங்கி, "ஏ புள்ளேளா, கறிச்சோறு மிச்சம் இருக்கா? பசி உயிரு போவுது" என்பார். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைப்பார்.

படத்தில் ஒரு லாரி டிரைவர் பனியில் மாட்டிக்கொள்வார். மகள் ஜன்னலில் காத்திருப்பாள். கடைசியில் தாடிக்காரர் ஒருவர் பொம்மையோடு வருவார். "அப்பா வந்துட்டேன்ட்டீ! தாடி வளந்து போச்சுல்லா, அதான் ஒனக்கு அடையாளம் தெரியல" என்று அக்கா முடிப்பார்.

போன வருடம் மழை முடியும் சமயம் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வீடு திரும்பவில்லை.

துக்க வீடு என்பதால் அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டவில்லை, முறுக்கு சுடவில்லை. அம்மா யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. அன்று மத்தியானம் அவராகவே, "ஏல, அந்தப் படத்தப் போடு. நீ சொல்லு" என்றார். பேசினாரே என்று உடனே போட்டேன்.

எனக்கு இட்டுக்கட்டத் தெரியாது. சத்தம் வைத்து, காதில் விழுந்ததை அப்படியே தமிழில் சொன்னேன். கிறிஸ்துமஸ் தாத்தா கறிச்சோறு கேட்கவே இல்லை. அம்மா சிரிக்கவும் இல்லை. தாடிக்காரர் வந்து பேசியதும் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டேன்.

"என்னல சொல்லுதான்?"

"அவரு அப்பா இல்லம்மா. கூட்டாளியாம். அப்பா பனியிலயே செத்துட்டாராம். பொம்மையக் குடுக்க வந்திருக்காரு."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"போல, கூறுகெட்டவனே! இங்கயே வளந்தும் ஒனக்கு ஒழுங்கா இந்தி தெரியல. ஒங்கக்காவுக்குத்தான் தெரியும்."

"சரிம்மா. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

அக்காவுக்கு ரத்தம் கொடுத்த தம்பிகளுக்கும், எங்களுக்குச் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கும், சமையலறைத் தோழிகளுக்கும், சபையாருக்கும் நன்றி.

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. தயவுசெய்து இதை யாரும் வாசித்துக் காட்ட வேண்டாம். இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டுவோம். எல்லோரும் வீட்டுக்கு வாருங்கள். படம் ஓடும்போது அம்மா கேட்டால், வந்தது அப்பாதான் என்று சொல்லுங்கள்.