சார் வந்திருக்க மாட்டார்

போன செவ்வாய்க்கிழமை, யுனிவர்சிட்டியில் ராமசேஷன் சாருக்கு இரங்கல் கூட்டம். முப்பது வருஷம் பொருளாதாரம் நடத்தியவர். நானும் அவர் மாணவிதான். ஹால் நிரம்பி, வராந்தா வரை ஆட்கள். பலர் அழுதார்கள். மேடையேறிய எல்லாரும் ஒரே வாக்கியம் சொன்னார்கள் – ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’. என் கைப்பையில் இருந்த இரண்டு பக்க உரையிலும் அதேதான்!

சரி, செவ்வாய்க்கிழமையில் கூட்டம் வைத்தது யார்? சார் இருந்திருந்தால் வந்திருக்கவே மாட்டார். செவ்வாய்தோறும், தாராவியை ஒட்டிய சயானில் ஓர் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பார். டாக்டர் ஹிந்தியில் சொல்வதை நம் ஆட்களுக்குத் தமிழில் சொல்ல. “ஒருநாள் நீயும் வாயேன்” என்று எத்தனை தடவை கூப்பிட்டார்! “டெட்லைன் சார்” என்று நழுவிவிடுவேன்.

என் முறைக்கு இன்னும் இரண்டு பேர். யாரோ தோளைத் தொட்டார்கள். புர்கா, கையில் பிளாஸ்டிக் ஃபைல்.

“தமிழாக்கா? எம் பேரு மைமூன். தாராவி. ஊர்லேர்ந்து வந்து ஆறு மாசந்தான் ஆவுது. வீட்டுக்காரவுகளுக்கு ஆபரேஷன்னு சொல்லிட்டாக. செஞ்சா பொறவு தையல் மிஷின் மிதிக்க முடியாதுன்னு எவனோ சொல்லி, கையெழுத்துப் போடமாட்டேன்னு ஊருக்குக் கெளம்புறாக. வலியில துடிக்காகக்கா!”

“சார் இறந்துட்டாரும்மா...”

“தெரியும்க்கா. மௌத்துன்னு கேட்டதுலேர்ந்து சோறு எறங்கல. அதான் இங்க வந்தேன். சார்ட்ட படிச்சவுக அம்புட்டுப் பேரும் இங்கதான இருப்பீக? ஒருத்தராவது வரமாட்டீகளா?”

சுரீரென்றது. எனக்கு என் மேலேயே கோபம். எழுந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கினார். “பாய், பித்தப்பையில் கல்” என்றேன் கம்பீரமாக. மைமூனின் கணவர் காதர் பாய் விழித்தார். வாராவாரம் தமிழில் எழுதிக் கிழிக்கிறவளுக்கு வந்த சோதனையைப் பாருங்கள்! “ஈரலுக்குக் கீழே ஒரு சின்னப் பை இருக்கு பாய். அதுல கல்லு. வெளிய எடுக்கணும்.”

“அப்பிடிச் சொல்லுங்க! பொறவு மிஷின் மிதிக்கலாமா? அதக் கேளுங்க மொதல்ல.”

கேட்டேன்.

“ஏக் மஹினே பாத், ஆராம் ஸே” என்று சிரித்தார் டாக்டர். ஒரு மாசம் கழிச்சு தாராளமா மிதிக்கலாம் என்றேன்.

காதர் பாய் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். மைமூன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும்தான்.

வெளியே வந்தால், பெஞ்சில் இன்னும் நாலு பேர். “அக்கா, சாருக்குப் பதிலா வந்திருக்கீகளா?”

பதிலா... நானா? உட்கார்ந்துவிட்டேன்.

இரங்கல் உரை இன்னும் கைப்பையில்தான் கிடக்கிறது. எந்த மேடைக்கானாலும் கூப்பிடுங்கள், வருகிறேன் – செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம்.