ஆசிரியர் கட்டத்தில் அரைப்பேர்

1

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. காலை 9.20-க்கு, கேரளத்துத் தேயிலை மலையில் இருக்கும் வண்டிப்பெரியாரில் எங்கள் நூலகத்தைத் திறந்தேன். ஐந்து பத்திரிகைகளில் நான்கு வாசலில் கிடந்தன. தமிழ்ப் பத்திரிகை குமுளி பஸ்ஸில் வருவது, வழக்கம்போல் பிந்தியிருந்தது. வந்தவற்றுக்கு முத்திரை குத்தி ஸ்டாண்டில் போட்டேன். முந்தின நாள் சாரலில் ஜன்னலோர அலமாரியின் கீழ்த்தட்டு நனைந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். நனையவில்லை. திருப்பி வந்த புத்தகங்கள் ஏழு. கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, டைரியில் தேதி எழுதிக்கொண்டிருக்கும்போது மரியதங்கம் அக்கா வந்தார். கையில் ஒரு நோட்டீஸ்.

“ஏ ஸ்டெல்லா, நான் எப்பம் பிள்ள எஸ்டேட் ஆனேன்?”

“என்னக்கா சொல்றீங்க?”

“இதுல போட்டுருக்கு. மலையாளம், எனக்கு வாசிக்கத் தெரியாது. ஏலக்காட்டு ஜீப்புக்காரன்தான் வாசிச்சான். கல்லறைக் குறிப்பேடு, எழுதி வழங்கியது எஸ்டேட்டுன்னு. நாந்தான எழுதுனேன். அப்பம் நாந்தான் எஸ்டேட்டு. இன்னைக்கே போயி பங்களாவுல படுத்துக்கவா?”

அவர் சிரிக்கவில்லை. நோட்டீஸை வாங்கிப் படித்தேன். நூலக வாரத்தின் முதல் நாளான பதினான்காம் தேதி, வியாழக்கிழமை, எங்கள் எண்ணிம ஆவணக் களஞ்சியத்தின் உத்காடனம். திறப்புவிழாவுக்கு இங்கே அந்தச் சொல்தான். விளக்கேற்றுபவர் எஸ்டேட் மேனேஜர். காரணம், களஞ்சியத்தின் முதல் ஆவணத்தை எழுதி வழங்கியது அவருடைய எஸ்டேட்.

2

அந்த ஆவணம் எது என்று சொல்லிவிடுகிறேன். மரியதங்கம் அக்கா கொழுந்தெடுத்து ரிட்டயர் ஆனவர். அவர்கள் எஸ்டேட்டின் கல்லறைத் தோட்டத்தில் கல் கிடையாது. கம்பெனி கல் நட விட்டதில்லை. மண்மேடும் மரச்சிலுவையும்தான், சிலுவை இரண்டு மழைக்குள் உளுத்துவிடும். கல்லறைத் திருநாளன்று பங்குச் சாமியார் ஜெபித்து மந்திரிக்க வரும்போது எந்த மேட்டில் யார் என்று சொல்ல ஆள் வேண்டும். அதற்காக இவர் எழுத ஆரம்பித்தார். எந்த வரிசை, எத்தனையாவது குழி, யார், எந்த லயத்து வரிசை வீடு, எப்போது இறந்தார். முப்பத்தோரு வருடம் எழுதினார். காகிதம் வாங்க வசதியில்லை. ஆபீசில் தூக்கிப் போட்ட பழைய செக்ரோல் தாள்களைப் பொறுக்கி, பின்பக்கத்தில் எழுதி, சாக்குநூலால் தைத்தார். வருகை குறிக்கும் தாள் என்பதால் ஒவ்வொன்றின் முன்பக்கத்திலும் எஸ்டேட் பெயர் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும்.

போன வருடம் அதை ஸ்கேன் செய்ய என்னிடம் கொடுத்தார். “எழுதியவர் பெயருடன் வெளியாகும், மூலப்பிரதி கேட்டதும் திருப்பித் தரப்படும்” என்று ரசீது எழுதி நான் கையெழுத்துப் போட்டேன். அந்த ரசீதை இப்போது பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

“பேரு வருமா, வராதா? வராதுன்னா நோட்டத் தா. நான் போயிட்டே இருக்கேன்.”

கம்ப்யூட்டரில் களஞ்சியத்தைத் திறந்தேன். ஆசிரியர்: எஸ்டேட் பெயர். மொழி: மலையாளம். அந்தத் தொகுப்பில் மீதி இருந்த அறுபத்திரண்டு ஆவணங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஜெபக் கூட்டத்தின் பாட்டு நோட்டுகள், லயத்து நாடகப் பிரதிகள், கடிதங்கள். எல்லாவற்றிலும் தலைப்பு ஒரு வரிசை கேள்விக்குறி. ஆசிரியர் இன்னொரு வரிசை கேள்விக்குறி. மொழி, எல்லாவற்றிலும் மலையாளம்.

என்ன நடந்தது என்பது எனக்கு உடனே விளங்கியது. நான் தமிழில் தட்டச்சு செய்து அனுப்பிய சி.எஸ்.வி. அட்டவணையை, பதிவேற்றும் ஒப்பந்தத்தை எடுத்தவர்கள் எக்செலில் திறந்து, யூ.டி.எஃப்-8 என்று தேர்ந்தெடுக்காமல் சேமித்திருக்கிறார்கள். அப்படிச் சேமித்தால் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் கேள்விக்குறியாகும். மலையாள ஆவணங்களை அவர்கள் நேரடியாகப் படிவத்தில் தட்டச்சு செய்ததால் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மென்பொருளைக் குறை சொல்ல மாட்டேன். பல நாட்டு நூலகங்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளத் திறந்து வைத்த மென்பொருள் அது. எந்த மொழியில் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். கேள்விக்குறியைக் கொடுத்தால் அதையும் வாங்கிக்கொள்ளும். எழுதியவரின் பெயர் எங்கே என்று கேட்க வேண்டியது மனிதர்கள். ஒருவரும் கேட்கவில்லை.

நானும் கேட்கவில்லை. ஜூலை மாத டைரியைப் புரட்டினேன். “பதிவேற்றம் முடிந்தது. 63/63. சரி” என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அனுப்பியது அறுபத்து மூன்று, வந்தது அறுபத்து மூன்று. எண்ணிப் பார்த்தேனே தவிர, ஒன்றையாவது திறந்து பார்க்கவில்லை.

3

பத்தரைக்குக் களஞ்சியத் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளருக்கு போன் செய்தேன். அக்காவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். அவர் மலையாளி, என்னிடம் தமிழ் பேசுவார்.

“அது என்கோடிங் பிரச்சினை மேடம். சின்ன காரியம். உத்காடனம் கழியட்டும், மொத்தமா சரியாக்கலாம்.”

“எஸ்டேட் பேரு என்கோடிங்ல எப்படி சார் வந்துச்சு?”

“விழாவுல முதல்ல காட்டுற ஐட்டம் அல்லே? கேள்விக்குறியா காட்ட முடியுமா? அதுனால அப்லோட் பண்ற எங்க பிள்ளேர் பேப்பரைப் பார்த்து ஃபில் பண்ணினாங்க. பேப்பர்ல எஸ்டேட் பேருதானே பிரிண்ட் பண்ணியிருக்கு.”

“அது செக்ரோல் தாளு. பின்னால முப்பத்தோரு வருசமா கையால எழுதியிருக்கே, அதைப் பார்க்கலையா?”

“அவங்களுக்குத் தமிழ் அறியில்லல்லோ.”

தமிழ் அறியாதவர்கள் மொழிக் கட்டத்தில் மலையாளம் என்று எப்படித் துணிந்து போட்டார்கள் என்று கேட்டேன். அது தானாக வரும் மொழி என்றார். மாநிலத்தின் பெயரால் நடக்கும் திட்டத்தில், தோட்டத்துத் தமிழர்கள் கையால் எழுதிய அத்தனை காகிதமும் தானாக வேறு மொழியாகிவிட்டது. இதை அவர் மழை நிலவரம் சொல்வதுபோல் சொன்னார்.

“மேனேஜரை விழாவுக்கு விளிச்சாச்சு மேடம். இனி மாத்தினா மோசமாகும். ஒண்ணு செய்யலாம். ஆத்தர் எஸ்டேட்டாவே இருக்கட்டும். கீழே உதவினவர்னு ஒரு கட்டம் இருக்கில்லே? அதுல மரியான்னு போடலாம். அந்தச் சேச்சிக்கு சர்நேமும் இல்லை, ஆத்தர் கட்டத்துக்கு சர்நேம் வேணும்.”

அக்கா போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“ஏ சாரு, அப்பம் எனக்கு அரைப்பேரா?”

ஒருங்கிணைப்பாளருக்குப் புரியவில்லை. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். தேயிலைக் காட்டுக்குப் பிந்திப் போனாலும் கொழுந்து குறைந்தாலும் கங்காணி ‘அரைப்பேர்’ போடுவார். சண்டை போட்டால் பேரையே வெட்டிவிடுவார்.

“மழையில நின்னு அட்டைக்கு ரத்தம் குடுத்தப்பமும் அரைப்பேரு போட்டாங்க. சரின்னு போனேன். ஏன்னா அது அவுக புஸ்தகம். இது என் புஸ்தகம் சாரு. என் புஸ்தகத்துல எனக்கு அரைப்பேரு போட நீ ஆரு, கங்காணியா?”

ஒருங்கிணைப்பாளர் என்னிடம் மட்டும் பேசினார். “மேடம், வியாழாழ்ச்ச வரைக்கும் சிஸ்டத்துல யாரும் கை வைக்கக் கூடாது. வெச்சா உங்க லாகின் நாங்க எடுக்க வேண்டி வரும். முன்கூட்டியே சொல்லிட்டேன்.”

வைத்துவிட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். “உனக்கும் அரைப்பேருதான் போல.”

இருபத்தாறு வருட வேலையில் என்னை அவ்வளவு சுட்ட வார்த்தை வேறில்லை. பீரோவைத் திறந்து நோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். ரசீதைத் திருப்பிக் கேட்கவில்லை. அவர் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கிளம்பவில்லை.

“ஸ்டெல்லா, உம்மையைச் சொல்லு. அதுக்குள்ள போயி மாத்த உனக்கு அதிகாரம் இருக்கா?”

“இருக்கு. தமிழ்த் தொகுப்புக்குப் பொறுப்பு நாந்தான். லாகினை எடுக்குற வரைக்கும் இருக்கு.”

“அப்பம் எதுக்கு அவனுக்கு போன் போட்ட?”

முப்பத்தோரு வருடம் அனுமதி கேட்காமல் எழுதியவருக்கு, அனுமதி கேட்டே பழகிய நான் என்ன சொல்ல?

“என் முழுப்பேரு பாக்கியநாதன் மரியதங்கம். எழுதி வச்சுக்கோ” என்றார். டைரியில் எழுதிக்கொண்டேன். நோட்டை மறுபடி என் மேசைமேல் வைத்துவிட்டு, பதினொன்றரை பஸ்ஸுக்குப் போனார்.

4

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தமிழ் இருக்கும் சி.எஸ்.வி. கோப்பை இரட்டைக் கிளிக்கில் திறந்து சேமிக்காதீர்கள். பதிவேற்றியபின் எண்ணாதீர்கள், திறந்து வாசியுங்கள். தாளில் அச்சாகியிருப்பவர் எழுதியவர் ஆகமாட்டார். அதிகாரம் உங்கள் கையில் இருக்கும்போது, அதைப் பயன்படுத்தலாமா என்று தவறு செய்தவரிடமே போன் போட்டுக் கேட்காதீர்கள்.

நவம்பர் 13, புதன்கிழமை. காலை 8.40-க்கே நூலகத்தைத் திறந்தேன். பத்திரிகைகள் வாசலிலேயே கிடந்தன, தொடவில்லை. என் லாகின் இன்னும் வேலை செய்தது. அக்காவின் பதிவைத் திருத்துவதற்காகத் திறந்தேன். ஆசிரியர்: பாக்கியநாதன் மரியதங்கம். மொழி: தமிழ். எஸ்டேட்டின் பெயரை அழிக்கவில்லை. அதற்குரிய கட்டத்தில், ‘பொருளின் விவரம்’ என்ற இடத்தில் எழுதினேன்: “எஸ்டேட்டில் கழித்துப் போட்ட செக்ரோல் தாள்களின் பின்பக்கத்தில் எழுதப்பட்டது.” சேமித்தேன். மணி 8.52.